மாத்திரையை மாற்றுவதா, காந்தமா, ஷாக்கா? அக்காவுக்காக நாங்கள் போட்ட கணக்கு

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று கட்சிகள் இருந்தன. "இன்னொரு மாத்திரை மாத்திப் பார்க்கலாம்" என்பது மாமாவின் கட்சி. "எது வேணா பண்ணுங்க, ஷாக் மட்டும் வேணாம்" என்பது அம்மாவின் கட்சி. ராத்திரி இரண்டு மணி வரை போனில் படித்துவிட்டு வந்து "காந்த சிகிச்சைதான் ஒரே வழி" என்று குதித்துக்கொண்டிருந்தது நான். அக்கா எதிலும் சேரவில்லை. பேச்சு முழுக்க அவளைப் பற்றித்தான், ஆனால் அவளைக் கேட்டால் "என்னமோ பண்ணுங்கடா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தவள், மனச்சோர்வில் விழுந்து, வகுப்புக்குப் போய் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

நான் டாக்டர் இல்லை. அந்த இரண்டு மாதத்தில் படித்ததையும், அக்காவைப் பார்க்கும் டாக்டரம்மாவை நச்சரித்துக் கேட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். இதே மூன்று கட்சிச் சண்டை இப்போது எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கும், அவர்களுக்கு உதவலாம் என்று தோன்றியது.

முதலில் எங்களுக்கே முகத்தில் அறைந்த ஒரு விஷயம். "மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வு" என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது: குறைந்தது இரண்டு மருந்துகளை, சரியான டோஸில், ஆறு வாரத்துக்குக் குறையாமல் சாப்பிட்டும் பலன் இல்லை என்றால்தான் அந்தப் பெயர். அக்காவின் ஃபைலில் மூன்று மருந்துகள் இருந்தன, ஆகவே நாங்கள் தகுதி பெற்றுவிட்டோம் என்று நினைத்தோம். டாக்டரம்மா சீட்டுகளைத் தேதி வாரியாக மேஜையில் அடுக்கினார். எஸிடலோப்ராம் 20 மில்லிகிராம், நான்கு மாதம், சரி. வென்லஃபாக்ஸின் 37.5 மில்லிகிராம், மூன்று வாரம், வயிற்றைப் புரட்டுகிறது என்று அக்காவே நிறுத்தியது. "இது ஆரம்ப டோஸ்ங்க, இதைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது" என்றார். மூன்றாவதாகச் சேர்த்த மிர்ட்டஸபின் எட்டு வாரம், அது செல்லும். ஆக மூன்று இல்லை, இரண்டுதான். அப்புறம் தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்த்தார்கள். நடுவில் எப்போதாவது தூக்கமே இல்லாமல் ஏகப்பட்ட உற்சாகத்தோடு திரிந்த நாட்கள் உண்டா என்று மாமாவிடம் தனியாகக் கேட்டார்கள், ஏனென்றால் இருமுனைக் கோளாறு ஒளிந்திருந்தால் மொத்தப் பாதையே வேறு. உங்கள் வீட்டு ஃபைலையும் இப்படி ஒரு முறை அடுக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, ஃபைல் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். மாமாவின் கட்சிக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் செலவில்லாதது, யாரையும் பயமுறுத்தாதது, அதனாலேயே வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவது. அமெரிக்காவில் ஸ்டார்-டி என்று சுமார் 4,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2006-ல் முடிவுகள் வந்தன. முதல் மாத்திரையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகத் தேறினார். தேறாதவர்களுக்கு அடுத்தது, அடுத்தது என்று மாற்றிக்கொண்டே போனார்கள். மூன்றாவது, நான்காவது சுற்றுக்கு வந்தவர்களில் தேறியவர்கள் 100-க்கு 14 பேரைத் தாண்டவில்லை. பின்னாளில் அதே தரவை மறுபடி கூட்டிக் கழித்தவர்கள் ஒட்டுமொத்தப் பலனே அப்போது சொன்னதைவிடக் குறைவு என்று சண்டை பிடித்தது தனிக்கதை. அதாவது மூன்றாவது மாத்திரையில் ஏமாற்றம் வருவது உங்கள் துரதிர்ஷ்டம் இல்லை, அதுதான் சராசரி.

இந்த இடத்தில் காந்தத்தையும் மாத்திரையையும் நேருக்கு நேர் நிறுத்திய இரண்டு ஆய்வுகள் என் மனதை மாற்றின. இரண்டும் 2024-ல் வந்தவை. ஒன்று நெதர்லாந்தில், 89 பேர், எல்லோரும் ஏற்கெனவே இரண்டு மருந்தாவது பார்த்தவர்கள். ஒரு பாதிக்குக் காந்தத் தூண்டல், மறுபாதிக்கு அடுத்த மாத்திரை, இரு தரப்புக்கும் பேச்சு சிகிச்சை. காந்தத் தரப்பில் 100-க்கு 37 பேருக்கு நோயின் பாரம் பாதியாவது இறங்கியது, மாத்திரைத் தரப்பில் 15 பேருக்குத்தான். முழுதாகத் தேறியவர்கள் காந்தத்தில் 27, மாத்திரையில் 5. இன்னொன்று அமெரிக்காவில்: பழைய மாத்திரையோடு காந்தத்தைச் சேர்ப்பது, அதே பழைய மாத்திரையோடு அரிபிப்ரஸோல் என்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பது, எல்லாவற்றையும் விட்டு வென்லஃபாக்ஸினுக்கு மாறுவது என மூன்று வழி. மாறுவதைவிடக் காந்தம் சேர்த்தது தெளிவாக மேல், அரிபிப்ரஸோல் அப்படித் தெளிவாக முந்தவில்லை. இரண்டிலும் ஒரு குறை உண்டு, யாருக்கு எது கிடைத்தது என்று நோயாளிக்கே தெரியும், ஆகவே தினமும் மெஷின் முன்னால் உட்கார்ந்து வருகிற நம்பிக்கையும் கணக்கில் கலந்திருக்கும். இருந்தாலும் மாமாவிடம் காட்டினேன். "அஞ்சு பேர்தானா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது காந்தம். முழுப் பெயர் டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன், டாக்டர்கள் ஆர்டிஎம்எஸ் என்பார்கள். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழு முதலில் செய்து காட்டியது. எட்டு வடிவத்தில் சுற்றிய செம்புச் சுருள் ஒன்றைத் தலையில் ஒட்டினாற்போல் வைத்து, கண நேரத்துக்கு மின்சாரத்தைப் பாய்ச்சினால் எம்ஆர்ஐ மெஷின் அளவுக்கு ஒரு காந்தப்புலம் பிறந்து மறையும். அது மண்டையோட்டைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரை போய் அங்கே உள்ள நரம்புகளில் சின்ன மின்னோட்டத்தை எழுப்பும். பள்ளிக்கூடத்தில் படித்த ஃபாரடே விதிதான், வேறு மாயம் இல்லை. (தலையில் காந்தக் கல்லை வைத்துக்கொள்ளும் தொப்பி, காந்தப் படுக்கை என்று கண்காட்சியில் விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. எங்கள் சித்தப்பா ஒன்று வாங்கிக்கொண்டே வந்துவிட்டார்.)

குறி வைப்பது இடது நெற்றிக்குச் சற்று மேலே, பின்னால். மனச்சோர்வில் அந்தப் பகுதி மந்தமாக இருப்பதும், உள்ளே ஆழத்தில் சோகத்தோடு தொடர்புடைய வேறொரு பகுதியோடு அது பிணைந்திருப்பதும் காரணம். முதல் நாள் பாதி நேரம் அளவெடுப்பதிலேயே போகும். சுருளை மெல்ல நகர்த்தி, எவ்வளவு பலமான தட்டலுக்கு வலது கட்டைவிரல் துடிக்கிறது என்று பார்க்கிறார்கள், அந்த அளவை வைத்துத்தான் டோஸ். அக்காவின் விரல் தானாகத் துள்ளியதைப் பார்த்து அவளே லேசாகச் சிரித்தாள், பல மாதத்துக்குப் பிறகு. அப்புறம் காதில் அடைப்பான் வைத்துவிட்டுத் தொடங்கினார்கள். நான்கு விநாடி தட்டல், 26 விநாடி ஓய்வு, மறுபடி தட்டல். 37 நிமிடத்தில் மொத்தம் 3,000 தட்டல்கள். கண்டக்டர் கம்பியில் சில்லறைக் காசால் விடாமல் தட்டுவது போல ஒரு சத்தம். மயக்க மருந்து கிடையாது, முடித்ததும் எழுந்து பஸ் ஏறலாம், வண்டி ஓட்டலாம், வகுப்பெடுக்கலாம். முதல் வாரம் தலையில் சுருள் படும் இடத்தில் வலியும் தலைவலியும் இருந்தது, பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது.

பெரிய ஆபத்து வலிப்பு. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. முன்பு வலிப்பு வந்தவர்கள், குடிப்பவர்கள், இரவெல்லாம் தூங்காமல் வருபவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி இருப்பவர்களுக்கு இது ஆகாது. இன்னொன்றை யாரும் எங்களிடம் முதலில் சொல்லவில்லை: தூக்கத்துக்கு என்று கொடுக்கும் குளோனஸிபம் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போடுபவர்களுக்குக் காந்தத்தின் பலன் குறைவாகத் தெரிகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் பக்கத்தில் அந்த மாத்திரை இல்லாத சீட்டே கிடையாது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால்தான் வலிப்பு வரும்; டாக்டரிடம் கேட்டு மெதுவாகக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் சாதாரண மருத்துவமனைகளில் சிகிச்சை எடுத்த 307 பேரைப் பார்த்த ஆய்வில் டாக்டர்களின் மதிப்பீட்டின்படி 100-க்கு 58 பேருக்கு நல்ல முன்னேற்றம், 37 பேர் கிட்டத்தட்டத் தேறினார்கள். நன்றாகத் தேறியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது 100-க்கு 62 பேர் அப்படியே இருந்தார்கள், நடுவில் சரிந்தவர்களுக்கு மறுபடி சில தடவை கொடுத்ததையும் சேர்த்து. இதில் நீங்கள் பார்க்க வேண்டியது 37 என்ற எண்ணை, 58-ஐ இல்லை.

"90 சதவீதம் குணம்" என்ற எண் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு சென்டரில் எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள், ஐந்தே நாளில் முடித்துவிடலாம் என்றும். அது கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் வந்த கணக்கு. ஒரு நாளைக்கு 10 தடவை, ஐந்து நாள், ஒவ்வொருவரின் மூளையையும் எம்ஆர்ஐயில் பார்த்துத் தனியாகக் குறித்த இடத்தில். 2020-ல் வெளிவந்த முதல் ஆய்வில் 21 பேரில் 19 பேர் தேறினார்கள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட அடுத்த ஆய்வில் மொத்தமே 29 பேர், உண்மைத் தரப்பில் 100-க்கு 79 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் தேறினார்கள், போலித் தரப்பில் 13 பேர். அபாரமான எண்கள்தான், 2022-ல் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்தது. ஆனால் அந்த எண்ணைச் சொல்கிறவர் அந்த முறையைத்தான் செய்கிறாரா என்று கேளுங்கள். நாங்கள் கேட்டோம், "அதே மாதிரிதான் சார்" என்றார்கள், எம்ஆர்ஐ எடுப்பீர்களா என்றால் இல்லை. அதே நேரம் மூளையை அலசித் தனியாக இடம் குறித்தால்தான் பலன் என்று நினைக்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் வழக்கமான வேகத்தில் 255 பேருக்குச் செய்து பார்த்ததில், மூளையின் தொடர்புகளை அலசித் தனித்தனியாகக் குறித்தாலும், சாதாரண ஸ்கேனை வைத்துக் குறித்தாலும் பலனில் வித்தியாசம் இல்லை.

நேரத்தைக் குறைக்க நம்பகமான ஒரு வழி உண்டு. தீட்டா பர்ஸ்ட் என்ற முறையில் 37 நிமிட வேலை மூன்று நிமிடத்தில் முடிகிறது. கனடாவில் 414 பேரை வைத்து ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள், பழைய முறைக்கு அது எந்த வகையிலும் சளைக்கவில்லை. ஆனால் நாட்கள் அதேதான், வாரத்துக்கு ஐந்து, ஆறு வாரம், மொத்தம் 30 நடை. தஞ்சாவூரில் இருந்து திருச்சிக்கு மூன்று நிமிட சிகிச்சைக்காக மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்வருவதை நினைத்தால் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இந்த 30 நடைதான் என் பார்வையில் காந்தத்தின் உண்மையான விலை. ஒரு தடவைக்கு இவ்வளவு என்று சொல்வதை 30-ஆல் பெருக்கி, பஸ் காசு, கூட வருபவரின் சம்பளப் பிடித்தம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் என்று நம்பி உட்காராதீர்கள். 2017 மனநலச் சட்டம் உடல் நோய்க்கு நிகராக மன நோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது, ஆனால் படுக்கையில் சேராமல் வந்துபோகும் சிகிச்சைக்குப் பணம் தருவார்களா என்பது உங்கள் பாலிசியில் உள்ள வரியைப் பொறுத்தது. எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாளில் பாதியில் விட்டால் போட்ட பணம் வீண், பலருக்கு மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் ஏதாவது அசையும்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். ஈசிடி, நம் ஊரில் கரண்ட் வைப்பது. சினிமாவில் கட்டிலில் கட்டிப்போட்டுத் தூக்கித் தூக்கிப் போடுவார்களே, அந்தக் காட்சிதான் அம்மாவின் மொத்த அறிவும். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈசிடி கொடுப்பதை அதே 2017 சட்டம் தடை செய்துவிட்டது. இப்போது ஐந்து பத்து நிமிட மயக்கம், மின்சாரத்தால் மூளைக்குள் வரவழைக்கும், ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வலிப்பு, வெளியே கால் விரல் லேசாக அசைவது மட்டும் தெரியும். வாரத்துக்கு இரண்டு மூன்று, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு. இதனால் உயிர் போவது லட்சம் தடவையில் ஏறக்குறைய இரண்டு, அது எந்த மயக்க மருந்துக்கும் உள்ள ஆபத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

பலம் என்று பார்த்தால் இன்றுவரை இதை மிஞ்ச எதுவும் வரவில்லை, காந்தம் உட்பட. குறிப்பாகச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டவர்கள், சிலை போல உறைந்துபோனவர்கள், "நான் பாவி, என் குடல் அழுகிவிட்டது" என்று இல்லாததை நம்பத் தொடங்கியவர்கள், உயிரை விடும் முடிவில் இருப்பவர்கள், இவர்களிடம் ஆறு வாரம் காந்தத்துக்குக் காத்திருக்கச் சொல்வது தப்பு என்றே நினைக்கிறேன். காந்தம் மென்மையாக இருக்கிறது, ஷாக் பயமாக இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கும் வீடுகள் இருக்கின்றன. எங்கள் வீடும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

ஈசிடிக்குக் கொடுக்கும் விலை ஞாபகத்தில். சிகிச்சை நடக்கும் வாரங்களைச் சுற்றிய நினைவுகள் மங்கும், புதிதாகக் கற்பது சில வாரம் தடுமாறிப் பிறகு சரியாகும். ஆனால் சிலருக்கு அதற்கு முந்தைய மாதங்களின் நினைவுகளில் ஓட்டை நிரந்தரமாகவே விழுந்துவிடுகிறது, அதை டாக்டர்கள் சிலர் மழுப்புகிறார்கள். கணக்கு டீச்சருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம், தேறியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, மாத்திரை தொடர்ந்தாலும், ஒரு வருடத்துக்குள் நோய் திரும்புகிறது.

நடுவில் நான்காவதாக ஒருவர் வந்தார், கெட்டமைன். 1970-ல் இருந்து மயக்க மருந்தாக இருக்கும் பழைய ஆள்தான். கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடம் ரத்தத்தில் ஏற்றினால் சிலருக்குச் சில மணி நேரத்திலேயே சாக வேண்டும் என்ற நினைப்பு விலகுகிறது. வேறு எதிலும் இந்த வேகம் இல்லை. ஆனால் ஒரு தடவையின் பலன் ஒரு வாரம் தாங்கினால் அதிகம், மறுபடி மறுபடி போக வேண்டும், ஏற்றும்போது உடம்பை விட்டு வெளியே மிதப்பது போல இருக்கும், ரத்த அழுத்தம் ஏறும், பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமைனுக்கு அமெரிக்கா 2019-ல் அனுமதி கொடுத்தபோதே, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் உட்கார வேண்டும் என்று கட்டாயமாக்கியது இதனால்தான்.

கெட்டமைன் ஈசிடியை வென்றுவிட்டது என்று 2023-ல் செய்தி வந்தது, நானும் குதித்தேன். அமெரிக்க ஆய்வில் 100-க்கு 55 பேருக்குப் பலன், ஈசிடி தரப்பில் 41. ஆனால் அதற்கு முந்தைய வருடம் சுவீடனில் நேர் எதிர், ஈசிடியில் 63 பேர் தேறினார்கள், கெட்டமைனில் 46. எப்படி? சுவீடனில் பார்த்தவர்கள் எல்லோரும் மருத்துவமனையில் படுத்திருந்த கடும் நோயாளிகள், மாயநம்பிக்கை உள்ளவர்களும் அதில் உண்டு. அமெரிக்க ஆய்வு அந்த மாதிரி ஆட்களையே சேர்க்கவில்லை, பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள். இரண்டும் சரிதான், ஆள்தான் வேறு. அக்கா இந்த இரண்டு கூட்டத்தில் எதில் இருக்கிறாள் என்று யோசித்த பிறகுதான் எனக்கு விஷயமே பிடிபட்டது: எது பலமானது என்று கேட்டுக்கொண்டிருந்தோம், எவ்வளவு நாள் காத்திருக்க முடியும் என்று யாருமே கேட்கவில்லை.

மின்சாரப் பட்டையைத் தலையில் கட்டிக்கொள்ளும் டிடிசிஎஸ்ஸை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தும் போலியைவிட மேலாக இல்லை என்று ஜெர்மனியில் 160 பேரை வைத்து 2023-ல் முடிவு வந்திருந்தது. கழுத்து நரம்பிலும் மூளைக்குள்ளும் அறுவை செய்து கருவி வைப்பது எங்கள் பேச்சுக்கே வரவில்லை.

ஆக, டாக்டரம்மா அக்காவிடமே நேராகக் கேட்டார். சாப்பிடுகிறாயா, கொஞ்சமாக ஆம். செத்துப்போகத் தோன்றுகிறதா, விடியாமல் போனால் நல்லது என்று தோன்றும், ஆனால் எதையும் செய்ய நினைத்ததில்லை. ஆறு வாரம் தாங்குமா என்றதற்கு அக்கா வெகுநேரம் கழித்து "தாங்கும்" என்றாள். காந்தம் என்று முடிவானது அந்த ஒரு வார்த்தையில்தான், என் இரவு நேர ஆராய்ச்சியில் இல்லை. ஒரு நிபந்தனையும் போட்டார்: இடையில் சாப்பாடு நின்றாலோ, பேச்சு மாறினாலோ அன்றே மருத்துவமனையில் சேர்த்து ஈசிடி, வாக்குவாதம் கிடையாது. அம்மா தலையாட்டினாள், மனசில்லாமல். (இப்படி ஒரு ராத்திரி வந்து டாக்டர் கிடைக்கவில்லை என்றால் 14416, அரசின் டெலிமானஸ் எண், எந்நேரமும் தமிழில் பேசலாம்.)

மாமாவும் நானும் மாறி மாறி 30 நாள் கூட்டிப் போனோம். முதல் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை, மாமா ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் வைத்தே "பேசாம அந்தக் காசுக்கு" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ, பஸ்ஸில் பாட்டுச் சத்தம் அதிகம் என்று அக்கா கண்டக்டரிடம் சண்டைக்குப் போனாள். எதுவும் காதில் விழாதது போல ஒரு வருடம் இருந்தவள். ஆறு வாரம் முடிந்தபோது மனச்சோர்வை அளக்கும் மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முழுதாகத் தேறிய 37 பேரில் அவள் இல்லை, 58-ல் இருக்கிறாள். மாத்திரை தொடர்கிறது, வாரம் ஒரு முறை பேச்சு சிகிச்சை, ஜூனில் பள்ளிக்குத் திரும்பினாள், ஆறாம் ஏழாம் வகுப்புகள் மட்டும்.

அந்த 2017 சட்டத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. பிற்பாடு தன்னால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக்கூடாது, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். போன மாதம் அக்கா உட்கார்ந்து அதை எழுதினாள், தன் கையெழுத்தில், கணக்கு விடைத்தாள் மாதிரி எண் போட்டு. மறுபடி விழுந்தால் முதலில் காந்தம். சாப்பிடாமல் போனால் காத்திருக்காமல் ஈசிடி. பேச வேண்டியவர் தம்பி. மாமாவும் எதிர்வீட்டு சாரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா போடவில்லை.